இடுப்புக் கூலி

ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தையைத் தவிர்த்துவிட்டு எதையும் பேச முடியாது. கோயிலில் படுத்திருக்கும் பெருமாளின் பெயர் வடபத்ரசாயி. பிரளய வெள்ளத்தில் ஆலிலைமேல் குழந்தையாய்க் கிடந்த கதை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார். அதே மனிதர் யசோதையாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார், நீராட்டினார், காது குத்தினார், நிலாக் காட்டினார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழுக்கு அந்தப் பாசுரங்கள்தான் முன்னோடி என்பது நாமெல்லாம் பாடத்தில் படித்தது. இதில் பக்தியைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஒரு சாதாரண விஷயம் மட்டும் அதிகம் கவனிக்கப்படவில்லை. யசோதை கண்ணனைப் பெறவில்லை. பெரியாழ்வார் கோதையைப் பெறவில்லை. தமிழில் குழந்தை வளர்ப்பைப் பற்றிய பெரும் இலக்கியம், பெறாதவர்கள் வளர்த்த கதையிலிருந்து தொடங்குகிறது.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்கு இலக்கணக்காரர்கள் மாதம் குறித்திருக்கிறார்கள். காப்பு 3-ஆம் மாதம், செங்கீரை 5-ஆம் மாதம் என்று இரண்டிரண்டு மாதமாக நகர்ந்து 21-ஆம் மாதத்தில் முடிகிறது. இந்தக் கணக்கைச் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கொடுத்தது 12 வார விடுப்பு. அதில் 6 வாரம் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவள் காப்புப் பருவம் வருமுன்பே வேலைக்குத் திரும்பியாக வேண்டும். 2017-இல் அது 26 வாரமானது. மறுபக்கம், 1982 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிய முதலமைச்சர் சத்துணவுத் திட்டம் குழந்தையை 2 வயதுக்குமேல்தான் மையத்தில் உட்கார வைத்தது. ஆக, கவிஞன் ஒவ்வொரு மாதமாக விழித்திருந்து பாடிய அதே 21 மாதங்கள், விடுப்பு முடிந்தும் மையம் தொடங்காமலும் ஒரு பள்ளமாகக் கிடக்கின்றன. அந்தப் பள்ளத்தில் குழந்தையை யார் தூக்கிக்கொண்டு நின்றது என்பதுதான் நான் எழுத வந்தது.

எங்கள் வீட்டில் அக்கா தூக்கிக்கொண்டு நின்றாள். நான் 1968-இல் பிறந்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதை யாரும் ஒரு முடிவாக எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நெசவுத் தெருவில் வீடு என்பது குழித்தறியைச் சுற்றிக் கட்டப்பட்ட சுவர். ஐயா குழிக்குள் கால் விட்டு நெய்தார். அம்மா ராட்டையில் தார் சுற்றினாள், பாவு பிணைத்தாள், ஐயா எழுந்தால் அவள் தறியில் உட்கார்ந்தாள். தவழுகிற பிள்ளைக்கு அந்த வீட்டில் குழி, மிதிக் கயிறு, கஞ்சிச் சட்டி எல்லாமே ஆபத்து. தூக்குவதற்கு அக்கா இல்லாத வீட்டில் பிள்ளையின் காலைத் துண்டால் தூணோடு கட்டிவிடுவார்கள். கொடுமைக்காரர்கள் இல்லை, கூலி முழத்துக்கு.

மில்காரர்களுக்காவது ஒரு சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 48-ஆவது பிரிவில், 50 பெண்களுக்குமேல் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது; 1976-இல் அந்த 50 என்பது 30 ஆயிற்று. சட்டம் ஓர் எண்ணைச் சொன்னால் அதற்குக் கீழே நிற்கிறவர்கள் எல்லோரும் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். வீட்டுத் தறியில் எண்ணவே ஆள் கிடையாது.

1975-இல் எங்கள் தெருவில் கட்டிப்போட்ட ஒரு பிள்ளையின் காலில் துண்டு இறுகி, முழங்கால்வரை வீங்கிப் போயிற்று. பிள்ளை பிழைத்துக்கொண்டது, கால் சரியாக ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில்தான் ஏழெட்டுத் தாய்மார் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்தார்கள். அதன் சொந்தக்காரர் தறியை விற்றுவிட்டு மதுரைக்குப் போய்விட்டவர். அப்பாமார் செய்தது ஒரே ஒரு காரியம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வண்டி மண் அடித்து அந்த வீட்டுத் தறிக்குழியை மூடினார்கள். நெசவாளி தன் கையால் தறிக்குழியை மூடுவது சின்ன விஷயம் அல்ல. மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகும் ஐயா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்று இதற்கெல்லாம் சமூகத் தொழில்முனைவு என்று ஒரு சொல் வந்திருக்கிறது. கருத்தரங்கில் புழங்குகிற சொல். அன்று அந்த வீட்டுக்கே பெயர் கிடையாது. 'பிள்ளைய அங்க விட்டுட்டு வா' என்பார்கள். 'அங்க' என்றால் அதுதான்.

பெயர் இல்லாவிட்டாலும் கணக்கு இருந்தது. எங்கள் தாய்மாருக்குச் சங்கம் தெரியாது, சீட்டுத் தெரியும். மாதம் தலைக்கு 10 ரூபாய், 20 பேர், ஏலச் சீட்டு. சீட்டு நடத்துகிறவருக்கு நூற்றுக்கு 5 கமிஷன் என்பது வழக்கம். அந்தக் கமிஷனை எவரும் எடுத்துக்கொள்ளாமல் அந்த வீட்டுக்கு விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதில் மாதம் 10 ரூபாய். பிள்ளைக்கு வாரம் 50 காசு. ஒன்பது பிள்ளைக்கு மாதத்தில் ஏறக்குறைய 18 ரூபாய். காலையில் பிள்ளையோடு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து பானையில் போட வேண்டும். அம்மா நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இதையெல்லாம் எழுதினாள். எழுத்தில் எழுவாய் பயனிலை கிடையாது. 'மூணாம் வீடு அரிசி இல்லை, நாளை ரெண்டு பிடி' என்கிற மாதிரி இருக்கும். நம் வட்டத்தில் சிக்கனமான மொழியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அந்த நோட்டு எனக்கு நினைவுக்கு வருகிறது.

பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்காவைப் போட்டார்கள். அவளுக்கு வயது 15. மாதம் 20 ரூபாய். ஏழு வருஷமாகச் சும்மா செய்த வேலைக்கு முதல் தடவையாகக் கூலி. அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மாவிடம் கொடுக்காமல் ஒரு ராத்திரி வைத்திருந்தாள்.

அந்த வீடு வளர்ந்தது. மூன்றாவது வருஷம் பிள்ளைகள் 26. அக்காவுக்குத் துணையாக இன்னொரு பெண். பிள்ளைகள் தூணில் கட்டப்படவில்லை. அக்காமார்களில் இரண்டு மூன்று பேர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்கள். தறியில் கூடுதலாக முழம் ஓடியது. இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல கதை. பெற்றோர் கூடினார்கள், வழி பிறந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் 1977-இல் ஐப்பசி மழை வந்தது.

மழைக்கும் நெசவுக்கும் உள்ள பகை தெரிந்ததுதான். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட வெயில் வேண்டும். மழை பிடித்தால் பாவு இல்லை, பாவு இல்லாவிட்டால் தறி இல்லை, தறி இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாத வீடு 50 காசு கொடுக்காது. தாய் சும்மா இருக்கும்போது பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும்? பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மீதிப் பாதி வந்தன, அக்கா தூக்கினாள். மாதக் கடைசியில் அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் கூலி இல்லை என்றாள்.

அக்கா சத்தம் போடவில்லை. அன்று சாயங்காலம் தாய்மார் பிள்ளைகளை வாங்க வந்தபோது எல்லோரும் கேட்கும்படி, 'மழைக்கு ஒங்களுக்கு வேலை இல்ல, சரி. எனக்கு வேலை இருந்துச்சே மதினி. இன்னைக்குப் பன்னெண்டு பிள்ள தூக்குனேன்' என்றாள். ஒரு பெரியவள் சிரித்துக்கொண்டே, 'நீ நம்ம வீட்டுப் பிள்ளதான தாயி, ஒனக்கு என்ன கூலிக் கணக்கு?' என்றாள். அக்கா, 'வீட்டுப் பிள்ளைன்னா சீட்டுல எனக்கு ஒரு சீட்டு போடுங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மழை விட்டு வெயில் வந்தது, தறிகள் ஓடத் தொடங்கின, பிள்ளைகளை மறுபடியும் துண்டால் கட்டினார்கள். நாலாம் நாள் தாய்மார் கூடிப் பேசினார்கள். பேச்சு ராத்திரி வெகுநேரம் போயிற்று.

அந்தப் பேச்சில் எந்தப் பக்கத்திலும் பொய் இல்லை. தாய்மாரிடம் வாஸ்தவமாகவே பணம் கிடையாது. அக்கா வாஸ்தவமாகவே வேலை செய்திருந்தாள். ஏழைகள் சேர்ந்து ஏழை ஒருத்தியை வேலைக்கு வைக்கும்போது நஷ்டம் எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மழையின் நஷ்டத்தை யாவாரி தறிக்காரன் தலையில் இறக்குகிறான். தறிக்காரன் மனைவி, தனக்குத் தெரியாமலே, அதைப் பிள்ளை தூக்குகிறவள் இடுப்பில் இறக்குகிறாள். அதற்குக் கீழே இறக்க இடமில்லை. அங்கே பிள்ளை இருக்கிறது.

முடிவு இப்படி ஆயிற்று: சீட்டின் கமிஷன் பணம் முழுக்கத் தூக்குகிறவர்கள் கூலிக்கு மட்டும், மழை மாதத்துக்கென்று அதில் மிச்சம் பிடித்து வைக்க வேண்டும், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அதைத் தொடக்கூடாது. அக்காவுக்குச் சீட்டில் ஒரு இடம். அவள் கட்ட வேண்டிய 10 ரூபாயைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். ஏலத்தில் அவளும் உட்காருவாள், தள்ளுத் தொகையில் அவளுக்கும் பங்கு. தெருவில் கல்யாணமாகாத பெண் சீட்டு ஏலத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை என்று அம்மா பிற்பாடு சொல்லுவாள். அதில் அவளுக்குக் குறையும் இருந்தது, பெருமையும் இருந்தது.

1979-இல் ராஜபாளையத்தில் இன்னொரு வீடு. 12 கிலோமீட்டர், பஸ்ஸில் அரைமணி. ஆனால் உழைப்பின் காலம் வேறு. சித்தி அங்கே நூல் சுற்றும் வேலையில் இருந்தாள். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊர் பஞ்சில் வளர்ந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறி வெயிலைப் பார்த்து நடக்கும். ராஜபாளையம் மில் சங்கைக் கேட்டு நடக்கும். பெண்களைக் காலை 6 மணிக்குமுன் மில்லில் வைத்து வேலை வாங்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். ஆகவே 6 மணிக்குச் சங்கு, ஐந்தரைக்கே அந்த வீடு திறந்திருக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடுவார்கள். ஆனால் கூலி மழைக்கு நிற்காது. ராஜபாளையத்து வீட்டுக் கணக்கில் மிச்சம் வந்தது, இங்கே துண்டு விழுந்தது. 'எங்க காசு எதுக்கு அங்க போகணும்?' என்று அங்கிருந்த தாய்மார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசியில் கஞ்சியும் வாடகையும் அந்தந்த வீட்டுப் பாடு, தூக்குகிறவர்கள் கூலி மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது என்று ஆயிற்று. அந்த ஸ்தாபனத்துக்கு — அப்படி ஒரு சொல் போடலாம் என்றால் — பொதுவுடைமையாக இருந்தது அந்த ஒன்றுதான்.

1982 செப்டம்பரில் சத்துணவுத் திட்டம் நகரங்களுக்கும் வந்தது. 2 வயதைத் தாண்டிய பிள்ளைகளெல்லாம் அங்கே போய்விட்டன. போக வேண்டியதுதான், சுடுசோற்றுக்கு முன்னால் பிடி அரிசிக் கஞ்சி என்ன செய்யும்? அந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசுவது எனக்கு உவப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எஞ்சியது கைக்குழந்தைகள் மட்டும். ஒருத்தி பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், பெரியதும் சின்னதும் கலந்திருந்தால். பத்தும் கைக்குழந்தை என்றால் மூன்று பேர் வேண்டும். பெரிய பிள்ளைகளின் 50 காசில்தான் சின்னப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் போன பிறகுதான் நோட்டில் தெரிந்தது. அக்கா அரசாங்க மையம் ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டாள். படிப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிள்ளை தூக்கியதற்காகப் படிப்பை நிறுத்தியவளிடம், பிள்ளை தூக்கும் வேலைக்குப் படித்த சான்றிதழ். 1986-இல் இரண்டு வீடுகளும் மூடப்பட்டன. மிச்சமிருந்த பொதுப் பணத்தைத் தூக்கிய பெண்கள் நால்வரும் பிரித்துக்கொண்டார்கள். தாய்மார் அதில் பங்கு கேட்கவில்லை.

அதே 1986-இல் அகமதாபாதில், இலா பட்டின் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் சங்கினி என்ற கூட்டுறவைப் பதிவு செய்தார்கள். அதைப் பற்றி நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். பீடி சுற்றுகிறவர்கள், தெருவில் விற்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் ஆகியோரின் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் மையங்கள். தாய்மார் கட்டணம் தருகிறார்கள். அது மட்டும் போதாது, வெளியிலிருந்தும் பணம் தேட வேண்டியிருக்கிறது. அது பதிவாகியிருப்பது குழந்தை பராமரிக்கும் பெண்களின் கூட்டுறவாக. தூக்குகிறவள் அங்கே வேலைக்காரி அல்ல, பங்குதாரி. எங்கள் தெரு மூன்று நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கண்டுபிடித்ததை அவர்கள் முதல் வரியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பெற்றோர் தொடங்கிய பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவைச் சொல்வார்கள். 1945-இல் யுத்தம் முடிந்த சில நாட்களில் வில்லா செல்லா என்ற கிராமத்து ஜனங்கள், ஜெர்மானியர் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். இடிந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல். லோரிஸ் மலகுஸ்ஸி என்ற ஆசிரியர் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1967-இல் பெற்றோர் நடத்திய பள்ளிகளை நகராட்சி ஏற்றது; ஏற்றபிறகும் பெற்றோரின் வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமிருந்தது. இங்கே 1982-இல் சோறு வந்தது. சாயங்காலம் கூடிப் பேசும் பழக்கம் போயிற்று. எங்களிடம் விற்பதற்கு டாங்கியும் இல்லை என்பது வேறு.

நம் மொழியில் இந்த வேலைக்கு இருக்கும் சொற்களைப் பார்க்கலாம். தொண்டு. சேவை. தாயுள்ளம். அங்கன்வாடிப் பெண்களுக்கு மத்திய அரசு தருவதற்குப் பெயர் மதிப்பூதியம், ஊதியம் அல்ல. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. சொல்லில் மதிப்பு ஏற ஏறக் கூலி இறங்குகிறது. 'நம்ம வீட்டுப் பிள்ளதான' என்று எங்கள் தெருக்காரி சொன்னதும் இதே இலக்கண விதிதான். நவீனக் கவிதையும் இந்த விதிக்கு வெளியே இல்லை. நம் கவிதைகளில் குழந்தை அடிக்கடி வருகிறது, குறியீடாக, தரிசனமாக. அதைத் தூக்கியிருக்கும் இடுப்பு வருவதில்லை. பெரியாழ்வாராவது குழந்தை உதைத்தால் இடுப்பு நோகும் என்று அறிந்து பாடிய மனிதர்.

அக்கா இப்போது ராஜபாளையத்தில் இருக்கிறாள். நடக்கும்போது இடதுபக்கம் சாய்வாள். டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, 'பிள்ள தூக்குனேன்' என்றாள். அவர் சீட்டில் 'குடும்பத் தலைவி' என்று எழுதினார்.

இன்று தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். பாட்டி ஊரில் இருக்கிறாள். எட்டு வயது அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், இருக்க வேண்டும். அந்த 21 மாதப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. அவர்களில் ஏழெட்டுத் தாய்மார் சேர்ந்து எங்காவது ஒரு வீட்டைப் பிடிக்கக்கூடும். பிடித்தால் வாடகை எவ்வளவு, பொம்மை உண்டா, பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்களா என்று பலரும் கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வேலை இல்லாத மாதத்தில், தூக்குகிறவளுக்குக் கூலி எங்கிருந்து வரும்? அதற்கு நோட்டில் ஒரு வரி இருந்தால் அந்த வீடு நிற்கும். இல்லாவிட்டால் அங்கே நடப்பது, குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து அதைவிட மலிவான இன்னோர் இடுப்புக்கு மாற்றுவது மட்டும்தான்.